சான்றிதழை எந்த ஜன்னலில் நீட்டப் போகிறோம்?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆம்பூரிலிருந்து என் மகள் சத்துவாச்சாரி வீட்டுக்கு வந்தாள். வழக்கமாக அவள் வந்தால் கூடவே பிரியாணிப் பொட்டலமும் வரும். இந்த முறை மடிக்கணினி மட்டும்தான் வந்தது. ஏதோ பெரிய விஷயம் என்று அப்போதே புரிந்துவிட்டது.

விஷயம் என் பேரனைப் பற்றியது. வயது பதினைந்து. ஒன்பதாம் வகுப்பு முழுப் பரீட்சையை எழுதிவிட்டு, "இனிமே ஸ்கூலுக்குப் போகமாட்டேன்" என்று உட்கார்ந்துவிட்டான். அவனுக்குப் பேச்சு கொஞ்சம் திக்கும். வகுப்பில் பிள்ளைகள் கேலி செய்ததைக்கூடத் தாங்கிக்கொண்டான். ஓர் ஆசிரியரே எல்லார் முன்னாலும் அவனைப் போலப் பேசிக் காட்டியதைத்தான் அவனால் தாங்க முடியவில்லை. இரண்டு மாதம் கெஞ்சிப் பார்த்தோம், மிரட்டிப் பார்த்தோம். பிறகு விட்டுவிட்டோம்.

"அப்பா, இதப் பாருங்க" என்று மகள் திரையைத் திருப்பினாள். வீட்டிலிருந்தே படிக்கும் பிள்ளைகளுக்கான ஆன்லைன் உயர்நிலைப் பள்ளியாம். சிரிக்கிற வெள்ளைக்காரப் பிள்ளைகள், பச்சைப் புல்வெளி. வருடத்துக்கு ஒரு லட்சத்து எண்பதாயிரம். முடிவில் அமெரிக்க டிப்ளமா. வாட்ஸப்பில் பேசிய ஏஜெண்ட், "இந்தியா பூரா செல்லும் மேடம்" என்றாராம்.

நான் ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன். "இந்தக் காகிதத்தை நாளைக்கு எந்தக் காலேஜ் ஜன்னல்ல நீட்டப் போறான்?"

"நீங்க கிளார்க்காவே யோசிக்கிறீங்கப்பா" என்றாள். கோபத்தில் சொன்னாலும் அது உண்மைதான். முப்பத்து நான்கு வருடம் ஜன்னலுக்கு உள்பக்கம் உட்கார்ந்தவன் நான். அதற்கு முன்னால் வெளிப்பக்கமும் நின்றிருக்கிறேன். அந்த இரண்டு கதையையும் சொன்னால்தான் நான் ஏன் அப்படிக் கேட்டேன் என்பது உங்களுக்குப் புரியும்.

நான் படித்தது புதுச்சேரியில், பிரெஞ்சு வழியில். 1954 நவம்பரில் ஊர் இந்தியாவோடு இணைந்துவிட்டது. 1962 ஆகஸ்டில் சட்டப்படியும் முடிந்தது. ஆனாலும் எங்கள் வகுப்பறையில் லுவார் நதியும் நெப்போலியனும்தான். திக்தே எழுதும்போது ஓர் எழுத்துக்கு மேல் போடவேண்டிய கோட்டை விட்டால் மதிப்பெண் போய்விடும். ப்ரெவே தேறினேன். அப்பா இறந்தபின் ராணிப்பேட்டையில் தோல் ஷாப் ஒன்றில் கணக்கு எழுதிக்கொண்டிருந்த மாமா எங்களை அழைத்துக்கொண்டார். அரசாங்க வேலைக்கு மனுப் போட்டேன். ஜன்னலுக்கு உள்ளே இருந்தவர் என் ப்ரெவே சான்றிதழைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தலைகீழாகவும் பார்த்தார். "இது எஸ்.எஸ்.எல்.சி.க்குச் சமமா? சமம்னு எந்த ஆர்டர்ல இருக்கு?" என்றார்.

இணைச் சான்றுக்காக இரண்டு வருடம் அலைந்தேன். ஒவ்வோர் அலுவலகமும் அடுத்த அலுவலகத்தைக் கை காட்டியது. கடைசியில் மாமா சொன்னபடி எஸ்.எஸ்.எல்.சி.யை ப்ரைவேட்டாகக் கட்டி எழுதினேன். அப்போது அது பதினோராம் வகுப்பு. பிரெஞ்சில் பாராட்டு வாங்கிய பையன், வீட்டில் பேசிய தமிழை மட்டும் வைத்துக்கொண்டு, இருபத்து மூன்று வயதில் ல, ள, ழ மூன்றோடும் மல்லுக்கட்டினேன். தேறினேன், வேலையும் கிடைத்தது. என் படிப்பில் குறையில்லை. அதற்கு இந்த ஊர் ஜன்னலில் செல்லுபடி இல்லை, அவ்வளவுதான். மூன்று வருடம் போனது போனதுதான்.

இரண்டாவது கதையைச் சொல்லக் கூச்சமாக இருக்கிறது. தொண்ணூறுகளில் நான் பணியாற்றிய ஓர் அலுவலகத்துக்கு, கடைநிலைப் பணி ஒன்றுக்காக ஒரு பையன் சான்றிதழ் சரிபார்க்க வந்தான். தோல் ஷாப்பில் சுண்ணாம்புக் குழியில் வேலை செய்தவரின் மகன். அவன் கையில் இருந்தது தேசியத் திறந்தநிலைப் பள்ளியின் பத்தாம் வகுப்புச் சான்றிதழ். நாங்கள் யாரும் அதற்கு முன் அதைப் பார்த்ததில்லை. விதிமுறைப் புத்தகத்தைத் தேடி எடுத்து ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தால், அல்லது மேலிடத்துக்கு ஒரு கடிதம் போட்டிருந்தால், தெரிந்திருக்கும். நான் கோப்பில் "இணைத்தன்மை தெளிவுபடுத்தப்பட வேண்டும்" என்று குறிப்பெழுதி மேலே அனுப்பினேன். கோப்பு மேலே போனது, கீழே வந்தது, பிறகு அலமாரிக்குப் போனது. அவனுக்கு வயது வரம்பு தாண்டிவிட்டது. பல வருடம் கழித்து பேரணாம்பட்டு பஸ்ஸில் அவனைப் பார்த்தேன். உள்ளங்கைகளில் தோல் ஷாப் ரசாயனத்தின் கறை. "நல்லா இருக்கீங்களா சார்?" என்று அவன்தான் விசாரித்தான். ஜன்னலில் எனக்கு இழைக்கப்பட்டதை நானும் ஒருவனுக்கு இழைத்திருக்கிறேன் என்பது அன்றைக்கு உறைத்தது.

அதனால்தான் என் மகளிடம் சொன்னேன். வீட்டிலிருந்து படிக்கும் பிள்ளைக்குப் பள்ளி தேடும்போது, பாடம் நடத்துபவர் யார் என்பது இரண்டாவது கேள்வி. சான்றிதழ் கொடுப்பவர் யார் என்பதே முதல் கேள்வி. விளம்பரங்கள் இந்த இரண்டையும் ஒன்றாகக் குழைத்துவிடுகின்றன. நாம் பிரித்துப் பார்க்க வேண்டும்.

பிரான்சில் 1939இலேயே, போரால் பள்ளி இழந்த பிள்ளைகளுக்காக அரசாங்கமே தபால் வழிக் கல்வியைத் தொடங்கியது. க்நெத் என்ற பெயரில் அந்த நிறுவனம் இன்றும் இருக்கிறது. அதிலும் இரண்டு வகை உண்டு. ஒன்றில் படித்தால் அடுத்த வகுப்புக்குத் தேர்ச்சி என்று அவர்கள் சொல்வதைப் பள்ளிகள் ஏற்கவேண்டும். மற்றதில் பாடம் வரும், திருத்தி அனுப்புவார்கள், ஆனால் அந்த முடிவு எந்தப் பள்ளியையும் கட்டுப்படுத்தாது. ஒரே நிறுவனம், ஒரே பாடம், ஆனால் காகிதத்தின் எடை வேறு. அரசாங்க நிறுவனத்திலேயே இப்படி என்றால், வாட்ஸப்பில் பேசும் ஏஜெண்டிடம் எத்தனை கேள்வி கேட்கவேண்டும்!

நம் நாட்டில் இந்த வயதுப் பிள்ளைக்கு என்ன வழிகள் இருக்கின்றன என்று மகளையும் பேரனையும் பக்கத்தில் உட்கார வைத்து ஒரு காகிதத்தில் எழுதினேன்.

முதலாவது, என்.ஐ.ஓ.எஸ். என்கிற தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனம். 1979இல் சி.பி.எஸ்.இ.யின் ஒரு திட்டமாக ஆரம்பித்து, 1989இல் தனி நிறுவனமாகி, 2002இல் இன்றைய பெயரைப் பெற்றது. தலைமையகம் நொய்டாவில், மண்டல அலுவலகம் சென்னையில். பத்தாம் வகுப்புக்குப் பதினான்கு வயது நிறைந்திருக்க வேண்டும். ஐந்து பாடம், அதில் ஒன்றாவது மொழிப்பாடம். வருடத்துக்கு இரண்டு முறை பொதுத்தேர்வு. ஐந்து வருடத்துக்குள் ஒன்பது வாய்ப்பு. தேறிய பாடம் தேறியதுதான், மீதியை மட்டும் எழுதினால் போதும். வீட்டில் எழுதி அனுப்பும் ஒப்படைப்புகளுக்கு இருபது சதவீத மதிப்பெண். பத்தாம் வகுப்பு நிலையில் தமிழிலும் உருதுவிலும்கூட எழுதலாம். நம் ஆம்பூர், வாணியம்பாடி, மேல்விஷாரம் வீடுகளுக்கு இது சின்ன விஷயமில்லை. மொத்தச் செலவு சில ஆயிரம் ரூபாய்.

இரண்டாவது, நம் மாநிலத் தேர்வுத் துறையின் தனித்தேர்வர் வழி. பத்தாம் வகுப்பை நேரடியாக எழுதப் பதினாலரை வயது ஆகியிருக்க வேண்டும். அறிவியலுக்குச் செய்முறைப் பயிற்சி வகுப்புக்கு முன்கூட்டியே பதிவு செய்து போய் வரவேண்டும். இதைத் தவறவிட்டு, கடைசி நேரத்தில் தேர்வு எழுத முடியாமல் கலங்கிப்போன பெற்றோரைப் பார்த்திருக்கிறேன். பாடநூல்கள் இணையத்தில் இலவசம். சமச்சீர் புத்தகம் ஊரில் எந்த வீட்டு அலமாரியிலும் இருக்கும், சொல்லிக்கொடுக்கப் பக்கத்து வீட்டு அக்காவும் இருப்பார். இந்த வசதி மற்ற வழிகளில் இல்லை.

மூன்றாவது, வெளிநாட்டு வாரியங்கள். இதில் நல்லவையும் உண்டு. கேம்பிரிட்ஜ் தேர்வைத் தனியாகப் பதிந்து, அதற்கு அனுமதி பெற்ற பள்ளியில் எழுதும் பிள்ளைகள் நம் பெருநகரங்களில் இருக்கிறார்கள். ஆனால் வெளிநாட்டுப் பள்ளிச் சான்றிதழோடு இங்கே கல்லூரியில் சேர, இணைச் சான்று கேட்பார்கள். ஆகவே பணம் கட்டும் முன்பே, இந்தப் பள்ளியின் டிப்ளமாவுக்கு இணைச் சான்று தருவார்களா என்று எழுத்தில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்கவேண்டும். "தருவாங்க மேடம்" என்பது பதில் இல்லை.

இவை தவிர, பெரிய பெயரோடு "வாரியம்", "கவுன்சில்" என்று பலகை மாட்டிக்கொண்டு பத்தாவதும் பன்னிரண்டாவதும் ஒரே மாதத்தில் தருகிறவர்களும் உண்டு. அவர்களைப் பற்றிப் பேசுவதே நேர விரயம்.

அங்கீகாரம் உள்ள வாரியத்துக்கே என்ன பாடு என்று பாருங்கள். திறந்தநிலைப் பள்ளியில் படித்தவர்கள் மருத்துவப் படிப்புக்கு வரக்கூடாது என்று மருத்துவக் கவுன்சிலின் விதி ஒன்று தடுத்தது. 2018 மே மாதம் டில்லி உயர் நீதிமன்றம் அது செல்லாது என்றது. வழக்கு சுப்ரீம் கோர்ட் வரை போய் 2024இல்தான் முடிவுக்கு வந்தது. ஆறு வருடம்! அதற்குள் ஒரு பிள்ளை எம்.பி.பி.எஸ். முடித்துவிடலாம். மத்திய அரசின் நிறுவனத்துக்கே இந்த நிலை என்றால், பெயர் தெரியாத கம்பெனியின் காகிதத்துக்காக எந்தக் கோர்ட்டுக்கு யார் போவது?

"எல்லாம் சரிதாம்ப்பா. ஆனா இவனுக்குப் பாடம் யாரு நடத்துவா? புத்தகத்த அனுப்பிட்டு நீயே படிச்சுக்கோன்னா படிச்சிடுவானா?" என்றாள் மகள். நியாயமான கேள்விதான். என்.ஐ.ஓ.எஸ்.ஸின் குறை அதுதான். பாடங்கள் இணையத்தில் இருக்கின்றன, அரசின் ஸ்வயம் தளத்தில் காணொளியும் உண்டு. ஆனால் "ஏண்டா இன்னிக்குப் படிக்கல?" என்று கேட்க ஆள் கிடையாது. அதற்குத்தான் பணம் செலவழிக்க வேண்டும் என்பது என் கட்சி. சான்றிதழுக்குச் சில ஆயிரம் போதும். மீதியில் ஒரு பகுதியை, கணக்குக்கு ஓர் ஆள், ஆங்கிலத்துக்கு ஓர் ஆள் என்று நேரில் வந்து சொல்லிக்கொடுப்பவர்களுக்குக் கொடு. பேச்சுப் பயிற்சிக்கும் அனுப்பு. அவனுக்கு முதலில் தேவை அதுதான்.

இங்கே ஆம்பூரில் மகள் வீட்டுக்குக் கீழ் வீட்டில் இருக்கும் ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்லவேண்டும். பத்தொன்பது வயது. அம்மாவுக்கு உடம்பு முடியாமல் போனதால் எட்டாவதோடு படிப்பை நிறுத்தி, ஷூ கம்பெனியில் அப்பர் தைக்கிற பிரிவில் சேர்ந்தாள். காலையில் கம்பெனி பஸ், சாயங்காலம் கம்பெனி பஸ். இரவு ஒன்பது மணிக்கு மேல் படித்து என்.ஐ.ஓ.எஸ்.ஸில் மூன்று பாடம் முடித்துவிட்டாள், இன்னும் இரண்டு பாக்கி. ஒன்பது வாய்ப்பு என்ற விதியின் அருமை அவளுக்குத்தான் தெரியும். ஆர்டர் அவசரம், ஓவர்டைம் என்று ஒரு முறை பரீட்சைக்கே போக முடியவில்லை. அதற்காக அவள் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருக்கவில்லை. ஆன்லைன் பள்ளி, வீட்டுக்கல்வி என்று பேசும்போது வசதியான வீட்டுப் பிள்ளைகள்தான் நம் கண்ணில் படுகிறார்கள். இந்தத் தோல் ஊர்களில் வீட்டிலிருந்து படிக்கிறவர்களில் இவளைப் போன்றவர்களையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

பேரனுக்கு அவளைத் தெரியும். பாடத்தை எந்த வரிசையில் எடுக்கலாம் என்று அவளிடமே போய்க் கேட்டான். "கணக்கையும் அறிவியலையும் விட்டுடாதே. ஈஸியா இருக்கேன்னு ஹோம் சயின்ஸும் பெயிண்டிங்கும் எடுத்தா பின்னாடி பாலிடெக்னிக் பக்கம் போக முடியாது" என்றாளாம். முப்பத்து நான்கு வருட சர்வீஸில் நான் சொல்லியிருக்கக்கூடிய ஆலோசனையை அவள் ஒரு நிமிடத்தில் சொல்லிவிட்டாள்.

இன்னொன்றையும் சொல்லாவிட்டால் இந்தக் கட்டுரை தவறான வழி காட்டும். அரசுப் பள்ளியில் படிக்கும் பிள்ளையை நிறுத்தி வீட்டில் வைத்துப் படிக்கவைக்க யாராவது நினைத்தால், முதலில் இழப்புக் கணக்கைப் போடுங்கள். ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 2020 முதல் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது. 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தில் கல்லூரிப் பெண்ணுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் கிடைக்கிறது. அதற்கும் பள்ளிப் பின்னணி பார்ப்பார்கள். அரசு வேலையில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கு 20 சதவீத முன்னுரிமை உண்டு. 2020இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு பள்ளிப் படிப்பு முழுவதும் தமிழ் வழியா என்று கேட்கிறார்கள். நடுவில் ஒரு வருடம் வெளியே வந்தால் இவை கைநழுவலாம். பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் ஒத்துவரவில்லை என்றால், வீட்டில் வைப்பதற்கு முன் வேறொரு பள்ளிக்கூடத்தை முயன்று பார்ப்பதே நல்லது. நாங்களும் முயன்றோம். அவன் மறுத்தபிறகுதான் இந்த வழி.

கடைசியாக ஒரு கிளார்க்கின் புத்திமதி. பள்ளியை விட்டு வரும்போது டி.சி.யைக் கையோடு வாங்குங்கள். பெயர், இனிஷியல், அப்பா பெயர், பிறந்த தேதி நான்கும் டி.சி., ஆதார், புதிய விண்ணப்பம் மூன்றிலும் ஓர் எழுத்துகூட மாறாமல் இருக்கட்டும். நம் வழக்கப்படி இனிஷியலை முன்னால் போடுவோம், கணினி அதைப் பின்னால் தள்ளும், இல்லையேல் விழுங்கிவிடும். அதைச் சரிசெய்யப் பின்னாளில் அலையவேண்டும். பணம் கட்டிய ரசீதை அச்செடுத்து வையுங்கள். பிள்ளை அரசு வேலைக்குப் போக நினைத்தால், அந்தந்த வருடத்து அரசாணையையும் தேர்வாணைய அறிவிக்கையையும் நீங்களே படியுங்கள். ஏஜெண்ட் சொன்னார், கிளார்க் சொன்னார் என்று எதையும் நம்பாதீர்கள். கிளார்க்கும் தப்பு செய்வான் என்பதற்கு நானே சாட்சி.

பேரனை என்.ஐ.ஓ.எஸ்.ஸில் பதிந்தாகிவிட்டது. ஐந்து பாடம்: தமிழ், ஆங்கிலம், கணக்கு, அறிவியல், சமூக அறிவியல். மகளுக்கு இன்னும் முழு மனதில்லை. அப்பா பணத்தை மிச்சம் பிடித்துவிட்டார் என்றுதான் மாப்பிள்ளையிடம் சொல்கிறாளாம். சொல்லட்டும். அந்தப் பச்சைப் புல்வெளியில் அவன் சந்தோஷமாக இருந்திருப்பானோ என்று எனக்கும் ஒரு ராத்திரி தோன்றத்தான் செய்தது. திரையில் எழுதினால் போதும், வாய் திறந்து பேசவேண்டியதில்லை என்று அவன் ஆசைப்பட்டிருக்கலாம். ஆனால் வாழ்நாள் முழுக்க வாய் திறக்காமல் இருக்க முடியாதே.

வாரம் இரண்டு நாள் அவன் பஸ் ஏறி வேலூர் வருகிறான். நான் அவனுக்குக் கணக்கு சொல்லிக்கொடுக்க முயல்கிறேன். போன வியாழக்கிழமை பழைய பெட்டியைக் கிளறி என் ப்ரெவே சான்றிதழை எடுத்துக் கேட்டான், "தா... தாத்தா, இது என்ன?" படித்துக் காட்டினேன். அவனும் திரும்பச் சொல்லிப் பார்த்தான். பிரெஞ்சு உச்சரிப்பு அவனுக்குத் திக்கவில்லை. ஏனென்று தெரியவில்லை. இனி வியாழக்கிழமைகளில் அரை மணி நேரம் பிரெஞ்சும் உண்டு என்று முடிவு செய்திருக்கிறோம். அதற்குச் சான்றிதழ் எதுவும் கிடையாது.